தடி எந்தக் கையில்?

இரும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு 62 வயது. பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில். கல்யாணத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, வருஷக்கணக்காக உப்பளத்தில் கூடை சுமந்தவர். இரண்டு வருஷமாக இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாராம். இரவில் இடப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை. தைலம் தேய்த்தாயிற்று, ஒத்தடம் கொடுத்தாயிற்று. கடைசியாக ஒரு தடி வாங்கிக் கொடுத்தார்கள். "வலிக்கிற பக்கம்தானே ஊன்ற வேண்டும்?" என்று தாயார் அதை இடது கையில் பிடிக்கிறார். பிரயோஜனமில்லை. 'இடுப்பு தேய்ந்துவிட்டது, வயதானால் அப்படித்தான்' என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா என்று கேட்கிறார் மகள்.

அப்படித்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், நேயர்களே, பதில் சொல்வதற்கு முன்னால் 'இடுப்பு' என்கிற வார்த்தையோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

நம் பாஷையில் இந்த ஒரு சொல்லின் தலையில் எத்தனை பாரத்தைத் தூக்கி வைத்திருக்கிறோம், பாருங்கள். வேட்டி கட்டுகிற இடம் இடுப்பு. குடம் உட்காருகிற இடமும், குழந்தை உட்காருகிற இடமும் இடுப்பு. குனிந்து நிமிரும்போது 'பிடித்துக் கொள்கிற' முதுகின் அடிப்பாகமும் இடுப்புதான். நிறைமாதக் கர்ப்பிணிக்கு 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்றால் வீட்டில் ஒருவர் வண்டிக்கு ஓடுகிறார், ஒருவர் வெந்நீருக்கு ஓடுகிறார். இப்படியிருக்க, டாக்டரிடம் போய் "இடுப்பு வலிக்கிறது" என்று சொன்னால் அவர் என்னதான் செய்வார்? "எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள்" என்பார். அந்தக் கை போகிற இடத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கை முன்பக்கமாகத் தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்புக்குப் போனால், மூட்டையே சந்தேகிக்க வேண்டும். பின்பக்கம் போய், வலி அங்கிருந்து கால் வழியாக இறங்குகிறது என்றால், முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் போனால்? அந்தத் தாயாரின் கை அங்கேதான் போகும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்துச் சமாசாரம்தான் இந்த வாரம்.

தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். வேட்டியோ சேலையோ கட்டுகிற இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே, தொடையின் வெளிப்பக்கத்தில், உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். பாதத்தை உள்ளே திருப்புங்கள், வெளியே திருப்புங்கள். கைக்கு அடியில் ஒரு முண்டு உருளுகிறதல்லவா? அதைத்தான் பலர் இடுப்பு மூட்டு என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது தொடையெலும்பின் தோள். மூட்டு அதற்கும் உள்ளே, முன்பக்க மடிப்பின் ஆழத்தில் இருக்கிறது. தொடையெலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் பந்து எந்தத் திசையிலும் சுழலலாம். சுழற்றுகிறவை சுமார் இருபது தசைகள்.

எல்லாவற்றையும் சொல்லி உங்களை வைத்தியக் கல்லூரியில் சேர்க்கும் உத்தேசம் எனக்கில்லை. முக்கியமானவர்களை மட்டும் அறிமுகம் செய்துவிடுகிறேன். முன்பக்கத்தில் இருப்பது ஸோவாஸ் என்கிற தசை. கீழ் முதுகெலும்பில் புறப்பட்டு, வயிற்றுக்குள்ளேயே ஒளிந்து இறங்கி, இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்து வருகிற இலியாகஸ் என்னும் கூட்டாளியோடு சேர்ந்து, தொடையெலும்பின் உட்பக்கத்தில் ஒட்டிக் கொள்கிறது. படியில் காலைத் தூக்கி வைக்கிறோமே, அது இவர்களுடைய கைங்கரியம். தொடையின் உட்பக்கத்தில் ஒரு கோஷ்டி இருக்கிறது. கால்கள் இரண்டையும் ஒன்றாக நெருக்குவது அவர்கள் வேலை. பனை ஏறுகிறவரைக் கேளுங்கள், அவர்களுடைய பெருமையைச் சொல்லுவார்.

பின்பக்கத்தில் குளூட்டியஸ் மாக்ஸிமஸ். உடம்பிலேயே பெரிய தசை இதுதான். குந்தியிருந்து எழுந்திருக்கவும், மாடிப்படி ஏறவும், ஓடவும் இவர் தயவு வேண்டும். ஆனால் சமதரையில் மெதுவாக நடக்கும்போது மனிதர் அநேகமாகத் தூங்கிக் கொண்டிருப்பார். பெரிய மனிதர்கள் சில வீடுகளில் இருப்பதைப் போலத்தான்! இவருக்கு அடியில், ஆழத்தில், ஆறு சின்னத் தசைகள் குறுக்காகப் படுத்திருக்கின்றன. தொடையை வெளிப்பக்கமாகத் திருப்புவது இவற்றின் தொழில். இவற்றில் மேலே இருக்கும் பிரிஃபார்மிஸ் என்பதன் அடியிலிருந்துதான், காலுக்குப் போகிற பெரிய நரம்பு வெளியே வருகிறது. பின்பக்கத்தில் ஊசி போடுகிறவர்கள் மேல்மூலையாக, வெளிப்பக்கமாக இடம் பார்த்துக் குத்துவது இந்த நரம்புக்குப் பயந்துதான். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடையில் போடுவதற்கும் அது ஒரு காரணம்.

கடிதம் இரும்பையிலிருந்து வந்திருக்கிறது. அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் பக்கத்திலிருக்கும் சின்ன ஊர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய மாகாளேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது; அம்மன் பெயர் குயில்மொழி நாயகி. ஊரில் வழங்கும் ஒரு கதை உண்டு. சுவாமி சன்னிதியில் ஒரு தாசி நடனமாடிக் கொண்டிருக்கிறாள். காலில் கட்டிய அணி கழன்று விழுகிறது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று, அங்கிருந்த கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் மனம் நொந்து பாடுகிறார். கருவறையில் லிங்கம் மூன்றாக வெடிக்கிறது. அந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பக்தர்கள் இந்தக் கதையில் சித்தரைப் பார்ப்பார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்ணின் மேலேயே கண் போகிறது. அணியைப் பூட்ட வேண்டுமென்றால் அந்தக் காலைச் சற்றே தூக்கிக் கொடுத்திருப்பாள் அல்லவா? அப்போது உடம்பு முழுவதையும் மற்றக் காலில் தாங்கிக் கொண்டு, அசையாமல் நின்றிருக்க வேண்டும். தாங்கியது எது?

பாதம், கணுக்கால், முழங்கால் எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் உடம்பு ஒரு பக்கமாகக் கவிழாமல் பிடித்து நிறுத்தியது, நாம் கையை வைத்துப் பார்த்தோமே, அந்த முண்டுக்கு மேலே இருக்கும் தசை. குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். அதற்கு அடியில் மினிமஸ் என்று ஒரு தம்பி. இடுப்பெலும்பின் வெளிமுகத்தில் பனையோலை விசிறி மாதிரி விரிந்து தொடங்கி, கீழே காம்பு மாதிரிக் குவிந்து, அந்த முண்டிலே வந்து ஒட்டுகிறார்கள். மாக்ஸிமஸுக்கு முன்னால் இவர்கள் சிறியவர்கள். ஆனால் வேலை?

மதுரையில் வெள்ளியம்பலத்தில் நடராஜரைத் தரிசித்திருக்கிறீர்களா? சிதம்பரத்தில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், மதுரையில் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருக்கிறார். காரணத்தைத் திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. இராசசேகர பாண்டியனுக்கு மற்றக் கலைகள் எல்லாம் வந்துவிட்டன. பரதம் ஒன்றுதான் பாக்கி. அதையும் கற்கத் தொடங்கினான். ஆடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, உடம்பு என்ன பாடுபடுகிறதென்று. 'எனக்கே இப்படி என்றால், எத்தனையோ காலமாக ஒரே காலில் நிற்கிற பெருமானுக்கு எப்படியிருக்கும்!' என்று உருகி, 'கால் மாறி ஆட வேண்டும். இல்லையேல் வாள் மேல் விழுந்து உயிரை விடுவேன்' என்று நின்றான். பெருமான் கால் மாறினார். பக்திக்கு இது ஒரு கதை. வைத்தியனுக்கும் ஒரு கதை. ஒற்றைக் காலில் நிற்பதில் உள்ள வேதனையைப் பாண்டியன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

நமக்கென்ன, நாம் நாட்டியமா ஆடுகிறோம் என்று கேட்காதீர்கள். நடக்கிறோமே! நடக்கிற நேரத்தில் 100க்கு 80 பங்கு நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையில் இருப்பது மிச்சமுள்ள 20 பங்கு நேரம்தான். ஒவ்வோர் அடியிலும் கால் மாறிக் கால் மாறி ஆடிக்கொண்டுதான் போகிறோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடும் சீஸாப் பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவிலிருக்க வேண்டிய முட்டு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நீளமான பக்கத்தில் 20 கிலோப் பையன் உட்கார்ந்தால், பாதி நீளமே உள்ள குட்டைப் பக்கத்தில் 40 கிலோ இருந்தால்தான் பலகை சமமாக நிற்கும். நடு முட்டோ இரண்டு பேரையும் சேர்த்து 60 கிலோவைச் சுமக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது மூட்டுதான் முட்டு. உடம்பின் பாரம் உட்பக்கத்தில், நீளமான கையில் தொங்குகிறது. வெளிப்பக்கத்துக் குட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் மீடியஸும் மினிமஸும். ஆகவே அவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது. மூட்டின் மேல் உடம்பின் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு பாரம் விழுகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. பெர்லினில் பெர்க்மன் என்கிற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவு கருவிகளை வைத்து, அதைப் பொருத்திக் கொண்டவர்களை நடக்கச் சொல்லி அளந்தார்கள். சாதாரண நடைக்கு இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்தது. ஒரு நோயாளி எதிர்பாராமல் கால் தடுக்கிச் சமாளித்தபோது எட்டு மடங்கையும் தாண்டிவிட்டதாக 1993ல் எழுதினார்கள்.

இப்போது மரக்காணத்துக்குப் போவோம். இரும்பையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால், கழுவெளியைத் தாண்டி, பாத்தி பாத்தியாக உப்பளம். வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளைக் கரைக்கும் வரையில் அங்கே வேலை. பலகையால் வாரிக் கரையேற்றிய உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றிக் கொண்டு, வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய நிமிர்ந்த நடையைச் சித்திரக்காரர்கள் வியந்து வியந்து எழுதுகிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் தலையில் 20 கிலோ ஏறினால் ஊன்றிய காலின் மூட்டில் 50, 60 கிலோ கூடுகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வோர் அடிக்கும். கூலிக் கணக்கில் இந்த எடை சேருவதில்லை.

தசை நார் கயிறு மாதிரி. எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வருஷக்கணக்காக இழுபட்டு, நைந்து, வலிக்கத் தொடங்கும். 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது சர்வசாதாரணம். உப்பளம் பக்கமே போகாதவர்களுக்கும் வருகிறது. முன்பெல்லாம் அந்த முண்டின் மேலுள்ள நீர்ப்பை வீங்கிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி நீர்ப்பை அல்ல, மீடியஸ், மினிமஸ் இவர்களுடைய நார்தான் என்று இப்போது தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் படுத்தால் எலும்புக்கும் பாய்க்கும் நடுவில் நார் நசுங்குகிறது. அதனால்தான் தாயாருக்குத் தூக்கமில்லை.

சாய்ந்து நடப்பது ஏன்? 1895ல் ஜெர்மானிய ரண சிகிச்சை நிபுணர் டிரெண்டலென்பர்க் இதற்கு விடை கண்டார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு நழுவிய குழந்தைகள் வாத்து மாதிரி அசைந்து நடப்பதற்கு, எலும்பு மேலும் கீழும் சறுக்குவதுதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் அவர்களை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, பின்னாலிருந்து பார்த்தார். தூக்கிய கால் பக்கத்து இடுப்பு கீழே சரிந்தது. ஊன்றிய காலின் பக்கத் தசைக்குப் பிடித்து நிறுத்தத் திராணியில்லை, அவ்வளவுதான் என்றார். எக்ஸ்ரேயே இன்னும் வராத சமயம். ரண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது அந்த வருஷக் கடைசியில்தான். கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார் மனிதர்!

தசை பலவீனப்பட்டவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். அவர்கள் செய்வதில்லை, உடம்பே செய்கிறது. இடது கால் ஊன்றும்போது உடம்பை இடது பக்கமாகவே சாய்த்தால், பாரம் முட்டுக்குக் கிட்டே வந்துவிடுகிறது; சீஸாவின் நீளக் கை குட்டையாகிறது; தசைக்கு வேலை குறைகிறது. தாயார் சாய்ந்து நடப்பது தேய்மானத்தின் அடையாளம் என்று ஊரார் நினைக்கிறார்கள். உண்மையில் அது உடம்பு தானாகக் கண்டுபிடித்த சிக்கன முறை. போலியோவில் இந்தத் தசைகளை இழந்தவர்களும் இப்படித்தான் நடந்தார்கள். டொராண்டோவில் மஸ்டர்ட் என்ற டாக்டர் 1952ல், முன்பக்கத்து ஸோவாஸ் தசையின் நுனியை அவிழ்த்து, பக்கத்து முண்டிலே கொண்டு வந்து கட்டி, மீடியஸின் வேலையை அதற்குக் கொடுத்ததாக எழுதினார். நல்லவேளையாக, 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. அப்படிப்பட்ட சிகிச்சைக்கான தேவையும் குறைந்துவிட்டது.

சரி, தடி விஷயத்துக்கு வருவோம். தாயாருக்கு வலி இடது பக்கம். தடி வலது கையில் இருக்க வேண்டும்!

ஆச்சரியமாயிருக்கிறதா? சீஸாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். இடது மூட்டு முட்டு. நீளமான கையின் கோடியில் தொங்குகிற பாரத்தை யாராவது கீழேயிருந்து சற்றே தூக்கிக் கொடுத்தால், குட்டைப் பக்கத்தில் இழுக்கிறவனுக்கு உடனே ஆறுதல். வலது கை அந்த நீளக் கோடியிலே இருக்கிறது. மூட்டிலிருந்து வெகு தூரம் ஆனதால், அங்கே ஏழெட்டுக் கிலோ அளவுக்கு ஊன்றினாலே போதும், தசையின் வேலை கணிசமாகக் குறைந்துவிடும். இடது கையில் பிடித்தால் தடி முட்டுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது, பலன் சொற்பம். அமெரிக்காவில் பிளௌண்ட் என்ற எலும்பு வைத்தியர் 1956ல் இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொல்லி, கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்கிற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். வெட்கப்பட்டுக் கொண்டு தடியை மூலையில் சாத்துகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள் போலிருக்கிறது.

சுமைக்கு இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழாக. பையோ குடமோ தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், வலிக்கிற பக்கத்திலேயே எடுக்க வேண்டும். 'வலிக்கிற பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கிறேன்' என்று வலது இடுப்பில் குடத்தை வைத்தால், இடது கால் ஊன்றும்போது அந்தக் குடம் சீஸாவின் நீளக் கோடியில் போய்த் தொங்குகிறது. இடது பக்கம் வைத்தால் முட்டுக்கு மேலேயே உட்கார்ந்து கொள்கிறது. எப்படியானாலும் சின்னக் குடமாக இருக்கட்டும். தலைச்சுமை வேண்டவே வேண்டாம்.

இன்னும் சில. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒடித்து ஒய்யாரமாக நிற்பது கோயில் சிலைக்கு அழகு. நைந்த நாருக்கு ஹிம்சை. பேரக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு பாட்டிமார் நிற்பது இப்படித்தான். உட்கார்ந்தே கொஞ்சலாமே! கால் மேல் கால் போட்டு உட்காருவதும் அந்த நாரை எலும்பின் மேல் இழுத்து நெரிக்கிறது. இரவில் வலது பக்கம் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக் கொள்ளட்டும்.

ஊசி போட்டுக் கொள்ளலாமா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இந்த வலியுள்ள 204 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து, முடிவை 2018ல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில், பழக்கங்களைத் திருத்திக் கொண்டு தேகப் பயிற்சி செய்தவர்களில் 100க்கு 77 பேர் நன்றாகத் தேறினார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கொண்டவர்களில் 58 பேர். சும்மா பொறுத்திருந்தவர்களில் 29 பேர். நைந்த தசைக்கு வேலை கொடுப்பதா என்று பயப்பட வேண்டாம். அளவான வேலைதான் அதற்கு மருந்து. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கலாம். சுவரைப் பிடித்துக் கொண்டு நின்று, காலைப் பக்கவாட்டில் ஒரு முழத்துக்கு மேல் போகாமல் தூக்கி இறக்கலாம். செய்யும்போது இலேசாக வலித்தால் பாதகமில்லை. இரவில் வலி அதிகமானால் மறுநாள் குறைத்துக் கொள்ள வேண்டும். பிஸியோதெரபி தெரிந்தவர் ஒருவர் முதலில் கிட்ட இருந்து சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஆனால் சகோதரி, இவையெல்லாம் பக்கத்து வலிக்குத்தான். ஒரு தடவை எலும்பு டாக்டரிடம் கட்டாயம் காட்டிவிடுங்கள். தாயாரின் கை முன்பக்க மடிப்புக்குப் போகிறதென்றாலும், உட்கார்ந்து காலைத் திருப்ப முடியவில்லை என்றாலும், மூட்டைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றால் தைலம், ஒத்தடம், 'நாளைக்குப் பார்க்கலாம்' எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தை நொண்டினாலும் அப்படியே. அதற்கு வயதும் ஆகவில்லை, தேயவும் இல்லை.

தடியின் உயரத்தைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். தாயாரைச் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் பிடி அங்கே வர வேண்டும். அதிகமாக இருந்தால் அடியில் அறுத்துவிடுங்கள். அறுத்த முனைக்கு ஒரு ரப்பர் குப்பி போடுங்கள். அநேகமாக அந்தப் பிடி, நாம் முதலில் உள்ளங்கையால் தேடிய முண்டின் மட்டத்திலேயே வந்து நிற்கும். தடியும் இடது காலும் ஒன்றாக முன்னே போகட்டும். படி ஏறும்போது முதலில் வலது கால். இறங்கும்போது முதலில் தடியும் இடது காலும்.